மருத்துவமா, சட்டமா? நீட், கிளாட், கவுன்சலிங் பற்றிச் சில கேள்விகள்

பொருநை_17
அனைவருக்கும் வணக்கம். +2 படிக்கிறேன். கணிதம்-உயிரியல் குரூப், தமிழ் வழி, அரசு உதவிபெறும் பள்ளி. பிசி வகுப்பு. +1ல் 600க்கு 548. நீட் மாதிரித் தேர்வில் 425ஐ ஒட்டி வருகிறது: உயிரியல் 290, வேதியியல் 80, இயற்பியல் 55. வீட்டில் டாக்டர் ஆக்கணும் என்பது ஆசை. எனக்குச் சட்டமும் பிடிக்கும், மருத்துவமும் பிடிக்கும். எது அதிகம் பிடிக்கும் என்று கேட்டால் பதில் தெரியவில்லை.

நீட் எழுதிப் பார்த்துவிட்டு, சீட் கிடைக்காவிட்டால் சட்டத்துக்குப் போகலாமா? எம்பிபிஎஸ் முடித்துவிட்டு எல்எல்பி படிக்க முடியுமா, அதேபோல் சட்டம் முடித்துவிட்டு மருத்துவத்துக்கு வர முடியுமா? கிளாட் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு) கட்டாயம் எழுதணுமா? ஒரு வருடம் நீட்டுக்காக ரிப்பீட் பண்ணுவது சரியா? இப்போது செப்டம்பர். எதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் புரியவில்லை. அண்ணா, அக்காக்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கேஸ்ஷீட்
இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை அதை நம்பித்தான் நிற்கின்றன.

எம்பிபிஎஸ் முடித்தவர் 3 வருட எல்எல்பியில் சேரலாம். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் சேரலாம், எம்பிபிஎஸ்ஸும் ஒரு பட்டம்தான். ஆனால் அது ரெகுலர் வகுப்பு. தபால் வழி எல்எல்பியை பார் கவுன்சில் ஏற்பதில்லை, வருகைப்பதிவு 70 சதவீதம் வேண்டும். பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் சட்டம் என்று இரண்டையும் ஓட்டிவிடலாம் என நினைப்பவர்கள் இந்த வருகைப்பதிவில்தான் மாட்டுகிறார்கள்.

சட்டத்திலிருந்து மருத்துவத்துக்கு வரும் பாதை காகிதத்தில் திறந்திருக்கிறது. நீட்டுக்கு வயது உச்சவரம்பை 2022ல் எடுத்துவிட்டார்கள், எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. +2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் போதும். ஆனால் 5 வருடம் அரசமைப்பும் ஒப்பந்தச் சட்டமும் படித்துவிட்டு, 23 வயதில் சுழல் இயக்கக் கணக்கை மறுபடி எடுத்து, 18 வயதுப் பிள்ளைகளோடு மோதி, பிறகு ஐந்தரை வருடம். செய்பவர்கள் மிகச் சிலர். ஆகவே மருத்துவத்துக்கான வாசல் +2வும் அதை அடுத்த ஓரிரு வருடமும்தான். சட்டத்தின் வாசல் பிறகும் திறந்திருக்கும். இதை வைத்து "அப்போ மருத்துவம்தான்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விண்ணப்பிக்கும் வரிசையை மட்டும் இதை வைத்து அமையுங்கள்.

இப்போது உங்கள் 425. நீட் 180 கேள்வி, 720 மதிப்பெண், 3 மணி நேரம். 2025 முதல் சாய்ஸ் கிடையாது. சரிக்கு 4, தவறுக்கு கழித்தல் 1. இயற்பியல் 45 கேள்வியில் 55 வாங்குகிறீர்கள் என்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் தொட்டு, 20 சரி, 25 தவறு என்று வரும்: 80லிருந்து 25 போனால் 55. அந்த 25ல் வெறும் குருட்டு ஊகமாக இருந்த 15ஐத் தொடாமல் விட்டிருந்தால், ஒரு வரி கூடப் புதிதாகப் படிக்காமல் 70. இனி இயந்திரவியல், மின்னோட்டவியல், நவீன இயற்பியல் இந்த மூன்றிலும் பயிற்சி செய்து 10 கேள்வியைச் சரியாக்கினால் 110. இயற்பியலில் 55 மதிப்பெண் ஏறுவதற்கு இடம் இருக்கிறது. உயிரியலில் 290 என்பது கிட்டத்தட்ட 76 சரி, 14 தவறு. அந்த 14ஐத் தனியாக ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். மத்தியப் பாடத்திட்டத்தின் என்சிஇஆர்டி புத்தகத்தில் படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பிலிருந்தும் பாடச் சுருக்கத்திலிருந்தும் வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் மாநிலப் பாடத்திட்டம் என்பதால் அந்த வரிகள் உங்கள் பள்ளிப் புத்தகத்தில் அதே வடிவில் இருக்காது.

போன வருடம் எத்தனை மதிப்பெண்ணுக்கு சீட் கிடைத்தது என்று பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 2024ல் இறுதிப் பட்டியலிலேயே 17 பேர் 720 வாங்கினார்கள். 2025ல் தாள் கடினம், முதலிடமே 686. ஒரே மதிப்பெண் இரண்டு வருடத்தில் இரண்டு வேறு ரேங்க். உங்கள் வகுப்புப் பிரிவில் எந்த மாநிலத் தரவரிசை வரை அரசுக் கல்லூரி கிடைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரிப்பீட் பண்ணுவது பற்றி: இயற்பியலால் குறைந்தால் ஒரு வருடம் பலன் தரும், அது பயிற்சியால் ஏறும் பாடம். உயிரியலை இரண்டு முறை முழுதாகப் படித்தும் 290ஐத் தாண்டாமல் இருந்தால், மூன்றாவது முறையும் அதே இடத்தில் நிற்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது ரிப்பீட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பணம்: அரசு மருத்துவக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 20 ஆயிரத்துக்குள். தனியாரில் அரசு ஒதுக்கீடு என்றாலே ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம். நிர்வாக ஒதுக்கீடு 13 லட்சத்தைத் தாண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அதற்கும் மேல். "எப்படியாவது ஒரு எம்பிபிஎஸ்" என்று வீட்டை அடமானம் வைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எம்பிபிஎஸ் நாலரை வருடமும் ஒரு வருடப் பயிற்சியும் முடிந்ததும் இன்னொரு வாசல் வருகிறது: நீட் பிஜி. எம்டி, எம்எஸ் 3 வருடம், அதற்கு மேல் டிஎம், எம்சிஎச் என்ற உயர் சிறப்புப் படிப்புகள் இன்னும் 3 வருடம். இருதய மருத்துவராக உட்காரும்போது வயது முப்பதை ஒட்டிவிடும், அதுவும் இடையில் ஒரு வருடம் கூட விடாமல் சீட் கிடைத்தால். வெறும் எம்பிபிஎஸ்ஸோடு நிற்பது அவமானம் ஒன்றும் இல்லை. எம்ஆர்பி (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் உதவி மருத்துவராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 56,100லிருந்து தொடங்கும், படிகள் தனி. அரசுப் பணியில் இருந்தபடி பிஜி எழுதுவோருக்குத் தமிழ்நாட்டில் 50 சதவீத சர்வீஸ் ஒதுக்கீடும் உண்டு.

வாய்தா
கேஸ்ஷீட் சொன்னதில் கணக்கு எல்லாம் சரி. ஆனா "சட்டத்தோட வாசல் எப்பவும் திறந்திருக்கும்"ங்கிறதைப் படிச்சுட்டு, "அப்போ நீட் போச்சுன்னா சட்டம்"னு தங்கச்சி முடிவு பண்ணிடக் கூடாது. நிறைய பேர் தடுக்கி விழுற இடம் அது.

மருத்துவத்துல வடிகட்டி வாசல்லயே இருக்கு. உள்ளே போயிட்டா, ஒழுங்காப் படிச்சா, ஐந்தரை வருஷத்துல டாக்டர். சட்டத்துல வாசல் அகலம், வடிகட்டி உள்ளே இருக்கு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகள்ல 5 வருட பிஏ எல்எல்பிக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, +2 மதிப்பெண்தான். பொதுப்பிரிவு, பிசி, எம்பிசிக்கு 45 சதவீதம் இருந்தா விண்ணப்பிக்கலாம், எஸ்சி, எஸ்டிக்கு 40. எந்த குரூப்பா இருந்தாலும் சரி. அரசுக் கல்லூரியில கட்டணம் சொற்பம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோட பெருங்குடி வளாகத்துல இருக்கிற சீர்மிகு சட்டப் பள்ளியில ஹானர்ஸ் படிப்பு. அங்கே கட்-ஆஃப் எகிறும், கட்டணமும் பல மடங்கு. உங்க மார்க்குக்கு எங்கேயாவது கிடைச்சிரும்னு வைங்க. பிரச்சனை ஆறாவது வருஷம் ஆரம்பிக்கும்.

பட்டம் வாங்கினதும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில்ல பதிவு. பதிவுக் கட்டணம் 750க்கு மேல, எஸ்சி, எஸ்டிக்கு 125க்கு மேல வாங்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில சொல்லிட்டது. பதிவு பண்ணி 2 வருஷத்துக்குள்ள அகில இந்திய பார் தேர்வு: 100 கேள்வி, நெகட்டிவ் இல்லை, குறிப்பு எழுதாத வெறும் சட்டப் புத்தகம் கொண்டு போகலாம், 45 சதவீதம் எடுத்தா தேர்ச்சி. இது பெரிய மலை இல்லை. புத்தகம் கையில இருக்கே தேடிக்கலாம்னு போறவங்களுக்குத்தான் நேரம் பத்தாம போகுது. எந்தச் சட்டத்துல எது இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

மலை எதுன்னா, ஜூனியர் காலம். காலையில 10.30க்கு கோர்ட் கூடும்போது உங்க சீனியர் வேற ஹால்ல இருப்பார். உங்க கேஸைக் கூப்பிட்டதும் எழுந்து பாஸ்ஓவர் கேக்கணும், அதாவது கேஸைக் கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கச் சொல்லணும். நீதிபதி "எதுக்கு?"ன்னு கேட்டா, கேஸ் கட்டைப் பிரிக்காமலே அந்த வழக்கு எந்த நிலையில நிக்குதுன்னு சொல்லத் தெரியணும்: எதிருரை தாக்கல் ஆச்சா, சாட்சி விசாரணையா, வாதத்துக்கா. மதியம் நகல் மனு, வக்காலத்து, பிரமாணப் பத்திரம். சாயங்காலம் ஆபீஸ்ல அடுத்த நாள் வாய்தாக் கட்டுகளை எடுத்து வைக்கணும், அப்புறம் சீனியர் சொல்லச் சொல்ல டிராஃப்ட். இதுக்கு மாசம் என்ன கிடைக்கும்? சென்னை, மதுரை, கோவையில 20 ஆயிரம், மத்த ஊர்ல 15 ஆயிரம் குறைஞ்சபட்சம் தரணும்னு 2024ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. எல்லா ஆபீஸ்லயும் அது நடக்குதுன்னு நம்பிப் போகாதீங்க. பஸ் காசும் சாப்பாடும் மட்டும் குடுக்கிற இடம் இன்னும் இருக்கு. முதல் 3 வருஷம் வீட்டுல இருந்து காசு எதிர்பார்க்காம இருக்க முடியாதுங்கிறதை அப்பாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. அரசுக் கல்லூரியில படிச்சு செலவு மிச்சமானது, இந்த 3 வருஷத்துல போயிடும்.

நீதிபதி தேர்வு நேரா எழுதலாம்னு யாராவது சொன்னா, அது பழைய கதை. சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 வருஷம் வழக்கறிஞரா இருந்திருக்கணும்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. பார்ல தற்காலிகப் பதிவு பண்ணின நாள்ல இருந்து கணக்கு, அதனால ரிசல்ட் வந்ததும் பதிவைத் தள்ளிப் போடாதீங்க. 10 வருஷ அனுபவம் உள்ள வழக்கறிஞர் சான்று குடுக்கணும், அதை நீதிமன்ற அதிகாரி மேலொப்பம் போடணும். பேருக்குப் பதிவு பண்ணிட்டு கோச்சிங்ல உக்காந்தா அந்தச் சான்று கிடைக்கிறது கஷ்டம். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 77,840. டாக்டர் அரசு வேலையில ஆரம்பிக்கிறதை விட அதிகம்தான், ஆனா 5 கூட்டல் 3, அப்புறம் டிஎன்பிஎஸ்சி தேர்வு. கணக்குப் போட்டுக்குங்க.

எது பிடிக்கும்னு தெரியலன்னு சொன்னீங்க இல்ல, ஒரு சனி ஞாயிறு ஒதுக்குங்க. இபிகோவுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 303வது பிரிவை எடுங்க, திருட்டு. அசையும் பொருள், இன்னொருத்தர் கைவசம், அவர் சம்மதம் இல்லாம, நேர்மையில்லாத எண்ணம், பொருளை நகர்த்துறது: அஞ்சும் சேரணும். இப்போ கேள்வி. என் கைக்கடிகாரத்தை ரிப்பேருக்குக் குடுத்தேன். கூலி குடுக்கல, அதனால கடைக்காரர் பாக்கிக்கு ஈடா கடிகாரத்தைப் பிடிச்சு வச்சிருக்கார். அந்தப் பிடிமானம் அவருக்கு இருக்கக் கூடாதுன்னே நான் போய் நைசா எடுத்துட்டு வந்துட்டேன். என் பொருளை நானே எடுத்தது திருட்டா? மரம் நிலத்துல நிக்குற வரைக்கும் அசையாப் பொருள், அப்போ மரத்தைத் திருட முடியுமா, முடியும்னா எந்த நொடியில திருட்டு ஆகுது? ரெண்டுக்கும் பதில் அதே பிரிவோட விளக்கங்கள்லயும் எடுத்துக்காட்டுகள்லயும் இருக்கு. பதிலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நீங்களே யோசிச்சு எழுதுங்க. அந்த அரை மணி நேரம் போனதே தெரியலன்னா சட்டம் உங்களுக்கு ஒத்துவரும். "இதுக்கு ஒரே விடை சொல்லித் தொலைங்களேன்"னு எரிச்சல் வந்தா, வராது.

கேஸ்ஷீட்
அதே மாதிரி ஒரு சோதனை இந்தப் பக்கமும். +1 விலங்கியலில் இரத்த ஓட்டப் பாடம். இருதயச் சுழற்சி 0.8 வினாடி, ஒரு துடிப்புக்கு 70 மிலி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். இதையும் ஈசிஜி அலைகளையும் சனிக்கிழமை படித்து மூடிவிட்டு, திங்கட்கிழமை வெள்ளைத்தாளில் பார்க்காமல் வரைந்து எழுதுங்கள். பிறகு ஒரு கேள்வி: துடிப்பு 150க்கு ஏறினால் சுழற்சியின் எந்தப் பகுதி அதிகம் சுருங்கும், அதனால் இருதயம் நிரம்புவதற்கு என்ன ஆகும்?

மருத்துவத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே வேண்டும். முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றிலும் பெயர்களே ஆயிரக்கணக்கில். நினைவில் நிற்காவிட்டால் காரணம் யோசிக்கவே வழியில்லை. வருகைப்பதிவு வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம். முதல் வருடத் தேர்வுக்கு 4 வாய்ப்புதான், மொத்தப் படிப்பை 9 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பள்ளியில் மாவட்ட அளவில் வந்த பிள்ளை முதல் இன்டர்னலில் 30 சதவீதம் வாங்கி உடைந்துபோவது வழக்கமான காட்சி. பெரும்பாலும் காரணம் அறிவுக் குறைவு இல்லை. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் மூன்று வாரப் பாடம் குவியும், அதைத் தெரிந்துகொள்ளும் முன் தேர்வு வந்துவிடும்.

இரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், அது பழகிவிடும். பழகாதது வேறு: இரவு டியூட்டியில் ஒரே சொந்தக்காரர் அதே கேள்வியை ஏழாவது முறை கேட்கும்போது ஏழாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்வது.

பொருநை_17
ரொம்ப நன்றி அண்ணா. கடிகாரக் கேள்வியை இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன், பதில் பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். எனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வரும் என்று பள்ளியில் சிலர் சொல்கிறார்கள், சரியா? தமிழ் வழியில் படித்ததால் கிளாட், சட்டப் படிப்பு இரண்டுமே ஆங்கிலத்தில் சமாளிக்க முடியுமா? நீட் தமிழில் எழுதலாமா?

கவுன்சலிங்_மேஜை
7.5 வராதும்மா. அது 6ஆம் வகுப்பு முதல் +2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசு உதவிபெறும் பள்ளி அதில் சேராது. விண்ணப்பத்தில் தவறுதலாக அதை டிக் செய்துவிட்டு சான்று சரிபார்ப்பில் மாட்டிக்கொள்பவர்கள் வருடா வருடம் உண்டு. (அரசுப் பள்ளிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: மருத்துவத்துக்கு 2020ல் வந்த இந்த ஒதுக்கீடு 2021 சட்டப்படி சட்டப் படிப்புக்கும் உண்டு. பலருக்கு இது தெரியாது.) உங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024-25லிருந்து நீட்டித்திருக்கிறார்கள்.

சான்றிதழில் அதிகம் தடுமாறும் இடம் இது. உங்களிடம் இருக்கும் பிசி சாதிச் சான்று மாநில ஒதுக்கீட்டுக்குப் போதும். தமிழ்நாட்டின் 69 சதவீதத்தில் பிசிக்கு 26.5, வருமான வரம்பு கிடையாது. ஆனால் அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அங்கே ஓபிசி 27 சதவீதத்தில் வர வேண்டுமானால் மத்திய அரசு படிவத்தில் தனியாக ஓபிசி சான்று வேண்டும், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்ற குறிப்போடு, நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக. போன வருடச் சான்றைக் கொண்டுபோனால் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். கிரீமி லேயரைக் கணக்கிடும் ஆண்டு வருமானம் 8 லட்சம் என்ற வரம்பில் பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை, ஆனால் பெற்றோர் வகிக்கும் பதவியைத் தனியாகப் பார்ப்பார்கள். மாநிலப் பட்டியலில் பிசியாக இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை, முதலில் அதைப் பாருங்கள். ஏப்ரல் 1க்குப் பிறகு இ-சேவையில் போட்டுவிடுங்கள். மே மாதம் எல்லோரும் ஒன்றாகப் போடும்போது தாசில்தார் அலுவலகத்தில் தேங்கும். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரி சான்றும் சேர்த்து.

தேதிகள். கிளாட் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் இறுதியை ஒட்டி மூடும், தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறு. அதாவது +2 பொதுத்தேர்வுக்கு 3 மாதம் முன்பே. "+2 முடிச்சுட்டுப் பார்ப்போம்" என்பவர்களுக்கு அந்த வருட கிளாட் முடிந்துபோயிருக்கும். நீட் விண்ணப்பம் பிப்ரவரி-மார்ச், தேர்வு மே முதல் ஞாயிறு, தமிழில் எழுதலாம். மொழியை விண்ணப்பத்திலேயே தேர்வு செய்ய வேண்டும். தமிழ் எடுத்தால் கேள்வித்தாள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வரியே இறுதி, ஆகவே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வையுங்கள். 5 வருட சட்டப் படிப்புக்கு அம்பேத்கர் பல்கலைக்கழக விண்ணப்பம் +2 ரிசல்ட்டை ஒட்டி மே மாதம். இங்கேதான் சிக்கல். மருத்துவக் கவுன்சலிங் பல சுற்றுகளாக அக்டோபர் வரை கூட இழுக்கும். சட்டக் கல்லூரி அதற்கு முன் தொடங்கிவிடும். சேர்ந்தால் டிசி, மதிப்பெண் பட்டியல் ஒரிஜினல்கள் அங்கே போய்விடும். மருத்துவ சீட் வந்தால் ஒரிஜினல் இல்லாமல் சேர்க்கை நடக்காது, கொடுக்கும் அவகாசமோ சில நாட்கள். ஆகவே சட்டக் கல்லூரியில் சேரும் அன்றே ஒரிஜினல் திரும்ப வாங்க என்ன நடைமுறை, எத்தனை நாள் ஆகும், கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். டிசியை ஒப்படைக்கும் முன் குறைந்தது 5 நகல் எடுத்து கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்குங்கள்.

இன்னொன்று, அகில இந்தியக் கவுன்சலிங்கில் முதல் சுற்றில் வந்த இடத்தை வேண்டாம் என்று விட்டால் இழப்பில்லை. மிச்ச இடங்களை நிரப்பும் கடைசி ஸ்ட்ரே சுற்றில் இடம் வந்து சேராமல் விட்டால் வைப்புத்தொகையும் போகும், அடுத்த வருடம் எழுதவும் தடை வரும். சும்மா ஆப்ஷன் போட்டுப் பார்ப்போம் என்று அந்தச் சுற்றில் விளையாட வேண்டாம்.

வாய்தா
ஆங்கிலம் பத்தி. கிளாட் முழுக்க ஆங்கிலம்தான், தமிழ் கிடையாது. 120 கேள்வி, 2 மணி நேரம், தவறுக்கு 0.25. கேள்வி பெரும்பாலும் 450 வார்த்தை வரைக்கும் இருக்கிற பத்தியைப் படிச்சுட்டுப் பதில் சொல்ற மாதிரி, சட்ட அறிவு முன்கூட்டி வேண்டாம், வேகமா வாசிக்கத் தெரியணும். ஒரு ஆங்கில நாளிதழோட தலையங்கத்தை 4 நிமிஷத்துல படிச்சு, "எழுதினவர் எதை ஏத்துக்கிறார், எதை மறுக்கிறார்"னு ரெண்டு வரி எழுத முடியுதான்னு பாருங்க. இப்போ முடியலன்னா, டிசம்பருக்குள்ள நீட்டையும் பொதுத்தேர்வையும் வச்சுக்கிட்டு இதையும் தூக்குறது வீண் சுமை. என் கருத்து: இந்த வருஷம் கிளாட்டை விடுங்க. திருச்சி நாவலூர் குட்டப்பட்டுல இருக்கிற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட் வழியாத்தான், ஆண்டுக்கு 2 லட்சத்தைத் தாண்டும் செலவு. கார்ப்பரேட் வேலை, பெரிய நிறுவனங்கள்னு ஆசைப்பட்டா அது மதிப்பு. மாவட்ட நீதிமன்ற பிராக்டிஸ், நீதிபதி தேர்வுன்னா அரசு சட்டக் கல்லூரியே போதும்.

தமிழ் வழி மாணவர்களுக்கு ஒரு பலமும் இருக்கு. நம்ம மாவட்ட, தாலுகா கோர்ட்டுகள்ல நடைமுறை மொழி தமிழ். சாட்சி விசாரணை, பிராது, தீர்ப்பு தமிழ்ல நடக்கும். அங்கே நல்ல தமிழ்ல குறுக்கு விசாரணை பண்றவங்களுக்கு மவுசு. உயர் நீதிமன்றம் போகணும்னா ஆங்கிலம் இல்லாம நடக்காது. 5 வருஷத்துல வளர்த்துக்கலாம், ஆனா தானா வளராது. படிக்கும்போது மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். அதை லெட்டர்ஹெட் சான்று வாங்கி ஒப்பேத்தாம ஒரு தடவை விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர்கிட்டயும் இன்னொரு தடவை உயர் நீதிமன்றத்துலயும் செய்யுங்க. எந்த இடம் உங்களுக்கு ஒத்துவரும்னு ரெண்டாவது வருஷமே தெரிஞ்சிரும்.

2024 ஜூலை 1க்குப் பிறகு குற்றவியல் சட்டங்கள் மூணும் மாறிடுச்சு. பழைய புத்தகம் யாராவது இலவசமாக் குடுத்தா வாங்கி வைங்க, அதுக்கு முன்னாடி நடந்த குற்றங்களோட வழக்குகள் பழைய இபிகோ பிரிவுலதான் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனா படிக்கிறது புதுசுல.

கேஸ்ஷீட்
கிளாட்டை விடலாம் என்பதில் எனக்கும் ஒப்புதல். எம்பிபிஎஸ் பிறகு எல்எல்பி பற்றி ஒரு வார்த்தை: மருத்துவ அலட்சிய வழக்குகள், காப்பீடு, ஆஸ்பத்திரி நிர்வாகம் ஆகியவற்றில் இரண்டு பட்டமும் உள்ளவர்களுக்குத் தேவை இருக்கிறது. 1995ல் நுகர்வோர் சட்டத்துக்குள் மருத்துவ சேவை வந்ததிலிருந்தே. ஆனால் அது மிகக் குறுகிய சந்து, 17 வயதில் அதைக் குறிவைத்து 9 வருடம் திட்டமிட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வேலைதான் பிடிக்கிறது, நீட் மட்டும் ஏறவில்லை என்றால் பிஎஸ்சி நர்சிங், துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் +2 மதிப்பெண்ணே அடிப்படை. நீட்டோடு சேர்த்து அந்த விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். சித்தாவுக்கும் பல் மருத்துவத்துக்கும் நீட் வேண்டும்.

யாராவது ஏஜென்ட் வீட்டுக்கு வந்து வெளிநாட்டில் எம்பிபிஎஸ் என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள்: படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் ஆங்கில வழியில் இருக்கிறதா, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி உண்டா, அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க உரிமம் கிடைக்குமா. எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். நீட் தகுதி பெறாமல் போக முடியாது, திரும்பி வந்ததும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும், பிறகு இங்கே இன்னொரு வருடப் பயிற்சி.

பொருநை_17
கடிகாரம்: திருட்டுதான் என்று எழுதினேன், ஆனால் "என் பொருள் எப்படித் திருட்டாகும்" என்பதில் அரை மணி நேரம் போய்விட்டது. பிறகு பிரிவைப் பார்த்தேன், சொத்து யாருடையது என்று கேட்கவே இல்லை, யார் கைவசம் என்றுதான் கேட்கிறது. மரம்: வெட்டி நிலத்திலிருந்து பிரிந்த நொடி. இரத்த ஓட்டப் பாடத்தைத் திங்கட்கிழமை வரைந்துவிட்டு வந்து சொல்கிறேன். கிளாட்டை விடுகிறேன். மாநிலச் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் ஹானர்ஸுக்கும் சாதாரண பிஏ எல்எல்பிக்கும் ஒரே படிவமா?

கவுன்சலிங்_மேஜை
தனித்தனி. சீர்மிகு சட்டப் பள்ளிக்கு ஒன்று, இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒன்று, கட்டணமும் தனித்தனி. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், கடைசித் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. இணைப்புக் கல்லூரிப் படிவத்தில் கல்லூரி விருப்ப வரிசை கேட்டால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருநெல்வேலி, மதுரை முதலில் போடுங்கள், ஆனால் அந்த இரண்டோடு நிறுத்திவிட வேண்டாம். புகைப்படம், கையெழுத்து ஸ்கேன் அளவைப் படிவத்தில் சொன்னபடியே வையுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். நெட் சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், கவுன்சலிங் அழைப்பு அவருக்குப் போய்விடும்.